தோலும் தோளும்

பாலாற்றின் கரையில், சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது மேல்விஷாரம். முன்பு வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2019ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்ட ராணிப்பேட்டை மாவட்டத்தில் இப்போது அடங்கியிருக்கிறது. 1965இல் தோன்றிய சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியால் கல்வியிலும் பெயர் பெற்றது. ஆனாலும் மேல்விஷாரம் என்றதும் நினைவுக்கு வருவது தோல்தான். வழிப்போக்கருக்கு அது தோல் வாசனை. ஊராருக்கோ அது சோற்று வாசனை!

தோல் பதனிடும் தொழிற்சாலையில் இயந்திரங்கள் எத்தனையோ வந்துவிட்டன. என்றாலும் நீரில் ஊறிக் கனத்த தோலை இழுத்துப் போடுவதும், சுழலும் டிரம்மிலிருந்து வாரி எடுப்பதும், தலைக்கு மேல் உள்ள கம்பியில் மாட்டி உலர்த்துவதும், காய்ந்ததை இறக்கி அடுக்குவதும் மனிதக் கைகள் செய்யும் வேலைகளே. கையைத் தூக்கினால்தான் கூலி. தோள் இல்லையேல் தோல் இல்லை என்று சொன்னால் அது வெறும் சொல் விளையாட்டு அல்ல.

இப்படிப்பட்ட தொழிலாளி ஒருவரை மனத்தில் வைத்துக் கொள்வோம். இருபத்தைந்து வயது. ஈரத் தரையில் கால் வழுக்குகிறது. விழாமல் இருக்கக் கையை நீட்டி எதையோ பற்றுகிறார். உடல் ஒரு பக்கம் போக, கை மறு பக்கம் போகிறது. 'மளுக்' என்று ஓர் ஓசை. தோளின் உருண்டை வடிவம் மறைந்து, அந்த இடம் மேஜை ஓரம் போல் சதுரமாகி விடுகிறது. மூட்டு கழன்று விட்டது! டாக்டர் அதை இடத்தில் சேர்க்கிறார். வலி தீர்ந்து விடுகிறது. மூன்று மாதம் கழித்துச் சடுகுடு ஆட்டத்தில் மறுபடியும் கழல்கிறது. அப்புறம் சட்டை மாட்டும்போது கழல்கிறது. ஒரு நாள் தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதே கழன்று விடுகிறது. கடைசியில் ஆபரேஷன் நடக்கிறது. தோள் நிலைத்து விட்டது. ஆனால் கை உயரவில்லை!

"இதற்காகவா ஆபரேஷன் செய்து கொண்டோம்?" என்று வீட்டார் கலங்குவது இந்தக் கட்டத்தில்தான். கலங்க வேண்டியதில்லை. ஆனால் அவசரப்படவும் கூடாது. ஆபரேஷன் தருவது உறுதி ஒன்றைத்தான். அசைவைத் திரும்பப் பெறுவது நோயாளியின் பொறுமையாலும், ஒழுங்கான பயிற்சியாலும், அதற்கு இடங்கொடுக்கும் காலத்தாலும் ஆக வேண்டிய காரியம்.

சுதந்திரத்துக்குக் கொடுக்கும் விலை

உடம்பில் உள்ள மூட்டுக்களில் தோள் மூட்டைப் போல் எல்லாப் பக்கமும் சுழலக் கூடியது வேறொன்று இல்லை. இடுப்பு மூட்டும் பந்தும் கிண்ணமுமாக அமைந்ததுதான். ஆனால் இடுப்பின் கிண்ணம் ஆழமானது. பந்து அதில் நன்றாகப் புதைந்து கிடக்கிறது. தோளின் கிண்ணமோ ஆழமற்ற சிறு தட்டு. எலுமிச்சம் பழத்தைத் தேக்கரண்டியின் மேல் வைத்தது போன்ற அமைப்பு. கை எட்டுத் திசையும் போக வேண்டும் என்பதற்காக இயற்கை கொடுத்த விலை அது.

பழம் உருண்டு விழாமல் காப்பவை மூன்று. கிண்ணத்தின் ஓரத்தைச் சுற்றி ஓடும் குருத்தெலும்பு போன்ற விளிம்பு வளையம் ஒன்று. மூட்டைச் சுற்றிப் பை போல் மூடியிருக்கும் உறையும், அதிலுள்ள பிணைப்பு நார்களும் இரண்டாவது. பந்தைக் கிண்ணத்தோடு அணைத்துப் பிடிக்கும் நான்கு சிறு தசைகளின் கூட்டம் மூன்றாவது. தோள் கழல்வதில் 100க்கு 95க்கு மேல் முன்பக்கமாகவே கழல்கிறது. அப்போது முன் விளிம்பு கிழிந்து, உறை தளர்ந்து போகிறது. கிழிந்த விளிம்பு சரியான இடத்தில் ஒட்டாவிட்டால் வாயில்படி உடைந்த வீடு போலத்தான். பந்து நினைத்த போதெல்லாம் வெளியே வரும். இருபது வயதுக்குள் முதல் தடவை தோள் கழன்ற ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது மீண்டும் கழல்கிறது. வயது முதிர்ந்தோருக்கு இந்த அபாயம் குறைவு. ஆனால் அவர்களுக்குத் தசைநார் கிழிவதும், தோள் இறுகுவதும் அதிகம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கழன்ற தோளை அருகில் இருப்பவர் பிடித்து இழுத்துச் சேர்ப்பது ஆபத்தான காரியம். தோளைச் சுற்றிச் செல்லும் நரம்பும், அக்குளில் ஓடும் ரத்தக் குழாயும் சேதமடையலாம். கூடவே எலும்பு முறிந்திருந்தால் எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. அடிக்கடி கழலும் தோளை இறுகக் கட்டி வைப்பதனாலும் பயன் இல்லை. கட்டு வெளியே இருக்கிறது; கிழிசலோ உள்ளே இருக்கிறது.

பழுத்த இரும்பிலிருந்து நூல் முடிச்சு வரை

இது புதிய நோய் அல்ல. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் நூல்கள் இதை விவரிக்கின்றன. அக்குளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டு, அந்தத் தழும்பின் இறுக்கத்தால் தோளை நிறுத்துவது அக்காலத்து முறை.

நோயின் வேர் விளிம்புக் கிழிசலில் இருக்கிறது என்று வற்புறுத்தியவர் லண்டன் நகரத்து டாக்டர் பிளண்டல் பாங்கார்ட். 1923இலும் 1938இலும் அவர் எழுதிய கட்டுரைகளுக்குப் பின், கிழிந்த விளிம்பை எலும்போடு சேர்த்துத் தைக்கும் ஆபரேஷனுக்கு அவர் பெயரே நிலைத்து விட்டது. 1954இல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து டாக்டர் மிஷேல் லாத்தார்ஜே இன்னொரு வழி சொன்னார். தோள்பட்டையின் முன்னால் காக்கை மூக்குப் போல் நீண்டிருக்கும் எலும்புத் துண்டை வெட்டி, கிண்ணத்தின் முன் ஓரத்தில் திருகாணி வைத்துப் பொருத்துவது அவர் முறை. கிண்ணத்தின் எலும்பே தேய்ந்து போனவர்களுக்கு இது ஏற்றது.

இப்போது பாங்கார்ட் முறை பெரும்பாலும் ஆர்த்ராஸ்கோப் என்னும் மெல்லிய குழாய்க் கருவியால், சிறு துளைகளின் வழியே செய்யப்படுகிறது. எலும்பில் சிறு ஊன்றுகோல்களைப் பதித்து, அவற்றிலிருந்து வரும் நூலால் விளிம்பை இழுத்துக் கட்டி விடுகிறார்கள். வெளியே தெரியும் தழும்பு கடுகளவு. "துளை சிறிது, ஆகையால் ஆறுவதும் சீக்கிரம்" என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. தோலின் மேல் உள்ள துளை பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். உள்ளே விளிம்பு எலும்போடு ஒட்டுவதற்கு வாரக் கணக்கும், அது வலுப்பெறுவதற்கு மாதக் கணக்கும் ஆகும்.

தோல் தொழிலாளி அறிந்த ரகசியம்

ஏன் அத்தனை காலம்? இதற்கு விடை மேல்விஷாரத்துத் தொழிற்சாலைகளிலேயே கிடைக்கும்! ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே பொருளால் ஆனதுதான் தோள் மூட்டின் உறையும். கொலாஜன் என்பது அதன் பெயர்.

அந்தக் கொலாஜனின் உள் அமைப்பை உலகுக்குக் காட்டியதில் நம் சென்னைக்கு முக்கிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் அறிவித்தார். மறு ஆண்டு அந்தக் கருத்தைத் திருத்திச் செம்மைப்படுத்தினார். 1948இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் இருப்பது அதே சென்னையில், அடையாற்றில்தான்.

முப்புரிக் கயிறான இந்தக் கொலாஜனுக்கு ஒரு குணம். பச்சைத் தோலை நீரில் இட்டுச் சூடாக்கினால் ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி சென்டிகிரேடில் அது சடாரெனச் சுருங்கும். குரோமியத்தால் நன்கு பதனிட்ட தோலோ கொதிநீரையும் தாங்கும். பதம் பார்க்கத் தோல் தொழிலில் கையாளும் சோதனை அது. 1990களில் டாக்டர்கள் சிலர் இந்தக் குணத்தையே பயன்படுத்தி, தளர்ந்த மூட்டு உறையை வெப்பத்தால் சுருக்கிப் பார்த்தார்கள். முதலில் நன்றாகத்தான் தோன்றியது. நாளடைவில் பலருக்கு உறை மீண்டும் தளர்ந்தது. மூட்டின் குருத்தெலும்பு கெட்டுப் போனவர்களும் உண்டு. அந்த முறை கைவிடப்பட்டது. தளர்ந்ததைக் குறுக்கு வழியில் இறுக்க முடியாது என்பதே கிடைத்த பாடம்.

இன்னொரு பாடத்தைத் தோல் தொழிலாளிகள் யாவரும் அறிவார்கள். ஈரத் தோலை அப்படியே உலர விட்டால் பலகை போல் விறைத்து விடும். அதற்கு எண்ணெய்ப் பசை ஊட்டி, காய்கிற பக்குவம் அறிந்து இழுத்து மசித்துக் கொடுத்தால்தான் அது மெத்தென்று மடங்கும். ஆனால் பதம் வருமுன் வலிந்து இழுத்தாலோ, உருவம் கெட்டுத் தொளதொளவென்று ஆகிவிடும். தைத்த தோளும் அப்படியே. அசைக்காமலே வைத்தால் இறுகிப் போகும். பக்குவம் வருமுன் இழுத்தால் தையல் விட்டுப் போகும். இரண்டுக்கும் நடுவே நடப்பதுதான் சிகிச்சை.

வாரங்களின் கணக்கு

இந்த நடுவழிக்கு ஒரு கால அட்டவணை உண்டு. அமெரிக்கத் தோள், முழங்கைச் சிகிச்சையாளர் சங்கம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி பல நாடுகளிலும் பின்பற்றப்படுகிறது. ஆர்த்ராஸ்கோப் மூலம் முன் விளிம்பைத் தைத்துக் கொண்டவர்களுக்கு அது சொல்வதன் சாரம் இது: முதல் 4 வாரம் வரை தோளுக்குப் பூரண ஓய்வு, 3 மாதத்துக்குள் படிப்படியாக முழு அசைவு, 6ஆவது வாரத்திலிருந்து வலுவூட்டும் பயிற்சி, 4ஆவது மாதத்துக்கும் 6ஆவது மாதத்துக்கும் இடையே கடின உழைப்புக்கும் விளையாட்டுக்கும் திரும்புதல்.

கையை முன்பக்கமாக உயர்த்துவதற்கு அந்த வழிகாட்டி ஏணிப்படி போல அளவுகள் கொடுத்திருக்கிறது. பிறர் உதவியாலோ மறு கையின் உதவியாலோ தூக்கும்போது, 3ஆவது வார முடிவில் 90 டிகிரி, அதாவது தோள் மட்டம். 6ஆவது வாரத்தில் 135 டிகிரி. 9ஆவது வாரத்தில் 155 டிகிரி. 12ஆவது வாரத்தில் ஏறத்தாழ முழு உயரம். இவை எட்டிப் பிடிக்க வேண்டிய பந்தய இலக்குகள் அல்ல. முன்கூட்டியே மிகுதியாக அசைந்து விட்டாலும் டாக்டர் கவலைப்படுவார். "எனக்கு இரண்டே வாரத்தில் கை முழுவதும் தூக்க வந்துவிட்டது" என்பது பெருமைப்பட வேண்டிய செய்தி அல்ல!

ஒன்றை மறக்கலாகாது. லாத்தார்ஜே ஆபரேஷன் செய்து கொண்டவருக்கு எலும்போடு எலும்பு கூட வேண்டும். முழங்கையை மடக்கும் தசையின் ஒரு தலை அந்த எலும்புத் துண்டில்தான் ஒட்டியிருக்கிறது. ஆகவே வாளி, பை முதலியவற்றைத் தூக்குவதில் அவருக்குக் கட்டுப்பாடு வேறு. பின்பக்கமாகத் தோள் கழன்றவருக்குத் தடை செய்யப்படும் அசைவுகளே வேறு. பக்கத்து வீட்டுக்காரரின் பயிற்சியைப் பார்த்துச் செய்வது, அவருடைய மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக் கொள்வதற்கு ஒப்பாகும். ஆபரேஷன் செய்த டாக்டர் எழுதிக் கொடுத்ததே முடிவான அட்டவணை.

தூளிக் காலம்

முதல் கட்டத்தில் கை தூளியில் கிடக்கும். தூளியில் இருப்பது தோள்தான். விரல்களுக்கு விடுமுறை இல்லை. முதல் நாளிலிருந்தே விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும். டாக்டர் அனுமதித்தபடி முழங்கையை நீட்டி மடக்க வேண்டும். இல்லாவிடில் விரல்கள் வீங்கி, முழங்கையும் சேர்ந்து இறுகி விடும்.

இரவுதான் கஷ்டமான வேளை. மல்லாந்து படுத்தால் முழங்கை பின்னால் சரிந்து, தைத்த முன்பக்கம் இழுபடும். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தாற் போல் படுத்து, முழங்கைக்கு அடியில் மடித்த போர்வை ஒன்றை வைத்துக் கொண்டால் வலி தணியும். சட்டை போடும்போது ஆபரேஷன் செய்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். வேலூர் வெயிலில் அக்குள் வியர்த்துப் புண்ணாகாமல் இருக்க, முன்னால் குனிந்து கையைத் தானாகத் தொங்கவிட்டு, மறு கையால் துடைத்துக் கொள்ளலாம். கையைப் பக்கவாட்டில் தூக்கக் கூடாது.

தொழுகைக்குச் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. சஜ்தாவில் உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றும்போது உடலின் பாரம் தோளில் இறங்குகிறது. நோயுற்றவர் உட்கார்ந்தபடி தொழுவதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது. தோளில் பாரம் இறக்கலாம் என்று டாக்டர் சொல்லும் வரை அந்தச் சலுகையைப் பயன்படுத்திக் கொள்வதில் தயக்கம் வேண்டாம்.

கிணற்று உருளை கற்பிக்கும் பயிற்சி

டாக்டர் அனுமதி தந்தபின் அசைவு தொடங்குகிறது. முதலில் ஊசல் பயிற்சி. பாஸ்டன் நகரத்து டாக்டர் காட்மன், தோளைப் பற்றி 1934இல் ஒரு பெரிய நூலே எழுதியவர். இந்தப் பயிற்சி அவர் பெயரால் வழங்குகிறது. நல்ல கையை மேஜையில் ஊன்றி, முன்னால் குனிந்து, மறு கையை மணிக்கூண்டுக் கடிகாரத்தின் ஊசல் போல் தொங்கவிட வேண்டும். உடம்பை இலேசாக அசைத்தால் கை தானாக ஆடும். கையை ஆட்டக் கூடாது. அது ஆட வேண்டும். இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அடுத்தது துணை அசைவு. படுத்துக் கொண்டு, ஆபரேஷன் செய்த கையின் மணிக்கட்டை நல்ல கையால் பிடித்து மெதுவாக மேலே கொண்டு போவது. இரண்டு கையாலும் ஒரு தடியைப் பிடித்து உயர்த்துவது. கதவு நிலைக்கு மேல் மாட்டிய உருளையில் கயிற்றைப் போட்டு, ஒரு கை இறங்க மறு கை ஏறச் செய்வது. கிணற்றில் நீர் சேந்தியவர்களுக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதே இல்லை! பிறகு சுவரில் விரல்களைப் பல்லி போல் ஏற விடுவது. நேற்று தொட்ட இடத்தில் ஒரு பென்சில் கோடு போட்டு வைத்தால், வாரத்துக்கு வாரம் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். சோர்ந்த மனத்துக்கு அந்தக் கோடே மருந்து.

மிகவும் ஜாக்கிரதையாகத் திரும்பப் பெற வேண்டியது வெளிச் சுழற்சி. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையைக் கதவு திறப்பது போல் வெளிப்பக்கம் திருப்பும் அசைவு அது. இந்த அசைவு தைத்த இடத்தை நேராக இழுப்பதால் ஆரம்பத்தில் சிறிதளவே அனுமதிக்கப்படும். கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் பின்னால் வளைத்து, கல்லெறியப் போவது போன்ற நிலை எல்லாவற்றிலும் அபாயமானது. கழன்றதே பெரும்பாலும் அந்த நிலையில்தான். அது கடைசியாகத் திறக்க வேண்டிய கதவு.

6ஆவது வாரத்துக்குப் பின் வலுவூட்டும் பயிற்சி. முதலில் சுவரைத் தள்ளி அசையாமல் நிற்பது; பிறகு ரப்பர் பட்டையை இழுப்பது; பிறகு சிறு எடை. இங்கே பலரும் மறந்து விடுவது முதுகில் உள்ள தோள்பட்டையை. கையைத் தலைக்கு மேல் 180 டிகிரி உயர்த்தும்போது, அதில் ஏறத்தாழ 120 டிகிரி தோள் மூட்டின் வேலை. மீதி 60 டிகிரி முதுகில் தோள்பட்டை சறுக்கித் திரும்புவதால் கிடைப்பது. தூளியில் கிடந்த காலத்தில் தோள்பட்டைத் தசைகளும் சோம்பி விடுகின்றன. கையைத் தூக்கச் சொன்னால் நோயாளி தோளையே காது வரை தூக்குவதற்குக் காரணம் இதுதான். நிலைக் கண்ணாடியின் முன் நின்று, அப்படித் தூக்காமல் பழக வேண்டும்.

வலி எவ்வளவு வரை பொறுக்கலாம்? பயிற்சியின்போது இழுப்பு இருக்கலாம். சற்று நேரத்தில் தணிந்துவிட வேண்டும். மறுநாள் காலை வரை நீடித்தால் முந்தின நாள் அளவு மிஞ்சி விட்டது என்று பொருள். குறைத்துக் கொள்ள வேண்டும். ஒரே தடவை ஒரு மணி நேரம் படாத பாடு படுவதை விட, நாளைக்கு மூன்று நான்கு தடவை பத்து நிமிஷம் செய்வது மேல். காய்ச்சல், தையலில் சீழ், கை மரத்துப் போதல், மூட்டில் திடீரென்று 'டக்' என்ற ஓசையோடு வலி இவற்றில் எது தோன்றினாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகும் போக்கு அதிகமாதலால் அவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் தோளுக்கான சிகிச்சையே. பீடியும் சிகரெட்டும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

பதின்மூன்று வாரமும் இருபத்தாறு வாரமும்

இத்தனையும் சரி. வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? தோள் ஆபரேஷன்கள் வீணாவதற்கு நூல் அறுவது மட்டும் காரணம் அல்ல. கூலி அறுவதும் காரணம்.

இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. அதில் பதிவானவருக்குச் சாதாரண நோய்க் காலத்தில் கூலியில் 70 சதவீதம், ஓர் ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். 91 நாள் என்பது 13 வாரம். கடின வேலைக்குத் திரும்பும் காலமோ 16 முதல் 26 வாரம். இந்த இடைவெளியில்தான் பல தொழிலாளிகள் அவசரப்பட்டு ஈரத் தோலைத் தூக்கி விடுகிறார்கள்.

ஆனால் வேலையில் நேர்ந்த விபத்தால் உண்டான காயம் என்று பதிவாகியிருந்தால் கணக்கு மாறும். அப்போது கூலியில் 90 சதவீதம், வேலை செய்ய இயலாமை நீடிக்கும் வரை கிடைக்கும். முதல் முதலாகத் தோள் கழன்ற அன்றே விபத்துப் புத்தகத்தில் எழுதச் செய்வதும், மருத்துவச் சீட்டில் "வேலை நேரத்தில் விழுந்தவர்" என்று குறிக்கச் செய்வதும் எவ்வளவு முக்கியம் என்பதை இதிலிருந்து அறியலாம். "சின்ன விஷயம், நாலு நாளில் சரியாகி விடும்" என்று எழுதாமல் விட்டால், ஆபரேஷன் என்று வரும்போது கையில் காகிதம் இருக்காது. காப்பீட்டில் பதிவே இல்லாமல் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவோர் நிலை இன்னும் கடினம்.

முதலாளிகளும் மேஸ்திரிகளும் இதில் செய்யக் கூடியது உண்டு. 3ஆவது மாதத்தில் திரும்பி வருபவருக்கு மேஜை மட்டத்தில் செய்யும் வேலை இருக்கிறது. தோலைத் தரம் பிரித்தல், அளவு குறித்தல், ஓரம் வெட்டுதல் போன்றவற்றில் அவரை அமர்த்தி, டாக்டர் சொன்ன பிறகே தலைக்கு மேல் தூக்கும் வேலைக்கு அனுப்பலாம். அனுபவமுள்ள ஒரு தொழிலாளியை இரண்டு மாதம் பொறுத்துக் கொள்வது, அவரை ஆயுளுக்கும் இழப்பதை விட லாபமே.

வேலூர் காட்டிய வழி

"ஆபரேஷன் முடிந்தது; இனி என் பாடு" என்று நோயாளியை அனுப்பி விடாமல், அவர் மீண்டும் உழைக்கும் வரை கூடவே நடப்பதுதான் வைத்தியம். மேல்விஷாரத்திலிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அடையக் கூடிய வேலூரில்தான் இந்தக் கொள்கை நம் நாட்டில் ஆழ வேரூன்றியது.

கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப் போன விரல்களைத் தசைநாரை இடம் மாற்றி நிமிர்த்தினார். இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையைக் கற்பிக்கப் பயிற்சி வேண்டும். அது இல்லாவிட்டால் ஆபரேஷனுக்குப் பயன் இல்லை. ஆகவே அவருடைய அறுவைக் கூடத்துக்கும் பயிற்சிக் கூடத்துக்கும் நெருங்கிய உறவு இருந்தது.

அங்கே இளம் டாக்டராக இருந்தவர் கொச்சியைச் சேர்ந்த மேரி வர்கீஸ். 1954 ஜனவரியில் நேர்ந்த மோட்டார் விபத்தில் முதுகுத் தண்டு சேதமடைந்து அவருடைய கால்கள் செயலற்றுப் போயின. அவர் ஒதுங்கி விடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் அதை ஒரு மருத்துவத் துறையாகவே கற்றார். திரும்பி வந்து 1963இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அந்த அம்மையார் 1986இல் காலமானார்.

கால்கள் செயலற்றவருக்குத் தோள்களே கால்கள். சக்கரத்தை உருட்டுவதும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவதும் தோள் வலிவால் ஆவன. இழந்ததை எண்ணி ஏங்காமல், எஞ்சிய வலிவை நாள்தோறும் சிறிது சிறிதாக வளர்த்து, ஒரு முழு வாழ்க்கையை அவர் மீட்டுக் கொண்டார். அதோடு ஒப்பிடும்போது, ஆறு மாதம் பொறுத்து ஒரு கையை உயர்த்துவது எட்ட முடியாத காரியம் அல்லவே!

தோல் ஒரே நாளில் பதமாவதில்லை. சுண்ணாம்பில் இத்தனை நாள், பதனீரில் இத்தனை நேரம், நிழலில் இத்தனை உலர்ச்சி என்று ஒவ்வொன்றுக்கும் உரிய காலத்தைக் கொடுக்கத் தெரிந்தவர்கள் மேல்விஷாரத்துத் தொழிலாளிகள். தோலுக்குக் காட்டும் அந்தப் பொறுமையைத் தங்கள் தோளுக்கும் காட்டுவார்களானால், சுவரில் போட்ட பென்சில் கோடு வாரந்தோறும் உயரும். ஒரு நாள் காலை, தலைக்கு மேல் உள்ள கம்பியைக் கை தானாகவே எட்டிப் பிடிக்கும்.